60 கிரெடிட் சேர்த்தால் இரண்டு வருடம் மிச்சமா?

கேள்வி: நாங்கள் டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே பிரிஸ்கோவில் இருக்கிறோம். மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அடுத்த வருடப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் படிவம் விரைவில் வந்துவிடும். தமிழ்ப் பள்ளியில் பழக்கமான ஒரு குடும்பம் தங்கள் மகனை முழுக்க டூயல் கிரெடிட்டில் போட்டிருக்கிறார்கள். "ஸ்கூல் முடிக்கும்போது கையில் 60 கிரெடிட், அப்புறம் இரண்டே வருடத்தில் டிகிரி, பாதிச் செலவு மிச்சம்" என்று எங்களிடமும் சொல்கிறார்கள். அவர்கள் இன்னும் எச்-1பி விசாவில்தான் இருக்கிறார்கள்; எங்களுக்குப் போன வருடம் கிரீன் கார்டு வந்துவிட்டது. என் கணவருக்கு இதில் விருப்பமே இல்லை. ஏபி எடுத்தால்தான் நல்ல யுனிவர்சிட்டி மதிக்கும், டூயல் கிரெடிட் எல்லாம் கம்யூனிட்டி காலேஜ் சமாச்சாரம் என்கிறார். மகளுக்கு டாக்டர் ஆக ஆசை. நன்றாகப் படிக்கிறாள். ஆனால் எந்த ஹோம்வொர்க்கையும் கடைசி நாள் ராத்திரிதான் எடுப்பாள். என்ன செய்யலாம்?
— ஓர் அம்மா, பிரிஸ்கோ

பதில்:

வணக்கம். முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்ப்போம். உங்கள் மகளுக்கு 60 கிரெடிட் தேவையில்லை. ஆங்கிலம், அமெரிக்க வரலாறு, அரசாங்கம் ஆகிய பாடங்களை டூயல் கிரெடிட்டில் எடுக்கட்டும். பயாலஜியும் கெமிஸ்ட்ரியும் கால்குலஸும் ஏபியில் இருக்கட்டும். பதினொன்றாம் வகுப்பின் முதல் செமஸ்டரில் ஒரே ஒரு கல்லூரிப் பாடம் போதும். நீங்கள் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் சொன்ன அந்த ஹோம்வொர்க் விஷயம்தான் இந்த 'ஒன்று' என்ற எண்ணுக்குக் காரணம்.

வேறு மாநிலத்தில் இருந்தோ ஊரில் இருந்தோ படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. பள்ளியில் படிக்கும்போதே ஒரு கல்லூரியின் பாடத்தையும் எடுத்து, அந்த ஒரே பாடத்துக்குப் பள்ளிக் கணக்கிலும் கல்லூரிக் கணக்கிலும் மதிப்பெண் பெறுவதுதான் டூயல் கிரெடிட். பட்டத்துக்குச் சேர்க்க வேண்டிய பாட அலகுதான் கிரெடிட். ஏபி என்பது பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடத்தும் பாடம். மாநில அளவில் இதற்கு முதலில் வழி திறந்தது மினசோட்டா, 1985-இல். இன்று நாடு முழுக்க இருக்கிறது. 2022–23 கல்வியாண்டில் கிட்டத்தட்ட 25 லட்சம் பள்ளி மாணவர்கள் இப்படிக் கல்லூரிப் பாடம் எடுத்தார்கள். கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் இரண்டாண்டுக் கல்லூரிகளில் பதிவு செய்திருப்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இன்னும் பள்ளி முடிக்காதவர். டெக்சாஸில் ஒரு மாணவர் இத்தனை பாடம்தான் எடுக்கலாம் என்று முன்பு கட்டுப்பாடு இருந்தது. 2015-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். 60 கிரெடிட் பேச்செல்லாம் அதற்குப் பிறகு சூடுபிடித்ததுதான்.

இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வேலையில் இருக்கும் எனக்கு, பெற்றோர்கள் 'கிரெடிட்' என்ற பக்கத்தையே பார்த்துக்கொண்டு இன்னொரு பக்கத்தைக் கவனிக்காமல் விடுவதுதான் கவலை. அந்த இன்னொரு பக்கம் டிரான்ஸ்கிரிப்ட். உங்கள் மகள் 16 வயதில் உங்கள் பகுதிக் கம்யூனிட்டி காலேஜான காலின் காலேஜில் ஒரு பாடம் எடுத்தால், அன்றே அவளுடைய கல்லூரி மதிப்பெண் பதிவேடு தொடங்கிவிடுகிறது. அது பள்ளியோடு முடிவதில்லை. பிறகு எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பித்தாலும் அந்த டிரான்ஸ்கிரிப்ட்டையும் அனுப்பியாக வேண்டும். 'மார்க் குறைந்துவிட்டது, காட்ட வேண்டாம்' என்று வைத்துக்கொள்ள முடியாது.

நம்மில் பலர் இந்தியாவில் செமஸ்டர் முறையில் படித்தவர்கள். அங்கே அரியர் வைத்தால் அடுத்த முறை எழுதி கிளியர் பண்ணிக்கொள்ளலாம். கடைசியில் பாஸானால் சரி. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் 'ஒன்றிரண்டு பாடத்தில் சி வந்தால் என்ன, திரும்ப எடுத்துக்கொள்ளலாம்' என்று பெற்றோர்கள் சொல்வதைக் கேட்கிறேன். மற்ற துறைகளுக்கு அது ஓரளவு செல்லும். மருத்துவத்துக்குச் செல்லாது. இங்கே ஒரு பட்டப்படிப்புக்குப் பிறகுதான் மருத்துவக் கல்லூரி. நாடு முழுக்கப் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளுக்கு ஏஎம்சிஏஎஸ் என்ற பொது விண்ணப்பம் வழியாகத்தான் போக வேண்டும். அது மாணவர் எடுத்த எல்லாக் கல்லூரிப் பாடங்களையும் கேட்கும், பள்ளியில் இருந்தபோது எடுத்தவை உட்பட. எல்லாவற்றையும் சேர்த்துத் தானே ஒரு ஜிபிஏ, அதாவது மதிப்பெண் சராசரி, போடும். ஒரு பாடத்தைத் திரும்ப எடுத்து ஏ வாங்கினாலும் பழைய சி அழிவதில்லை. இரண்டும் கணக்கில் நிற்கும். பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், கணிதம் நான்குக்கும் தனியாக ஒரு ஜிபிஏ வேறு உண்டு. டெக்சாஸ் அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு டிஎம்டிஎஸ்ஏஎஸ் என்று தனி விண்ணப்பம் இருக்கிறது. அங்கேயும் டூயல் கிரெடிட் மார்க் ஒளிந்துகொள்ள இடமில்லை.

ஏபி இதில் அடியோடு வேறு. மே மாதம் ஒரு தேர்வு, கட்டணம் சுமார் 100 டாலர், மதிப்பெண் 1 முதல் 5 வரை. ஏபி பயாலஜியில் உங்கள் மகள் 2 வாங்கினால் அதை யாருக்கும் அனுப்பாமல் விடலாம். 5 வாங்கினால் கிரெடிட் கேட்கலாம். எப்படியானாலும் அது எந்தக் கல்லூரி ஜிபிஏவிலும் ஏறாது. ஏபி வகுப்பில் வாங்கும் மார்க் பள்ளி டிரான்ஸ்கிரிப்ட்டோடு நின்றுவிடும். அறிவியல் பாடங்களை ஏபியில் வைக்கச் சொல்வது இதனால்தான். 16 வயதில் எடுத்த ஒரு பயாலஜி மார்க்குக்கு 21 வயதில் நேர்முகத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்லும் நிலைமை அவளுக்கு வேண்டாம்.

சரி, 60 கிரெடிட், இரண்டே வருடம் என்ற கணக்கைப் பார்ப்போம். டெக்சாஸில் பொதுவாக ஒரு பட்டத்துக்கு 120 கிரெடிட். அதில் 60 போனால் மீதி 60, வருடத்துக்கு 30, ஆக இரண்டு வருடம். கூட்டல் கழித்தல் சரிதான். ஆனால் அந்த 60-இல் என்ன இருக்கிறது என்று பாருங்கள். டெக்சாஸ் அரசுக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக 42 கிரெடிட் கொண்ட ஓர் அடிப்படைப் பாடத் தொகுப்பு இருக்கிறது. ஆங்கிலம், வரலாறு, அரசாங்கம், கணிதம், அறிவியல், கலை எல்லாம் கலந்தது. அதை முழுசாக முடித்தால் ஓர் அரசுக் கல்லூரியில் இருந்து இன்னோர் அரசுக் கல்லூரிக்கு அப்படியே ஒரு கட்டாக மாற்றிக்கொடுக்க வேண்டும் என்று விதியே உண்டு. மீதி 18 கிரெடிட்? பள்ளியில் என்ன வகுப்பு கிடைத்ததோ அது. பயாலஜி பட்டத்துக்கு வேண்டிய பாடமாக அது அமையாவிட்டால் 'எலெக்டிவ்' என்ற தலைப்பில் டிரான்ஸ்கிரிப்ட்டில் உட்கார்ந்திருக்கும். மொத்த எண்ணிக்கை கூடும், பட்டம் பக்கத்தில் வராது. கல்லூரி ஏற்றுக்கொண்ட கிரெடிட் ஒன்று, பட்டத்துக்கு உதவும் கிரெடிட் வேறொன்று. பெற்றோர் கூட்டத்தில் முதலாவதைத்தான் சொல்வார்கள். மேஜர், அதாவது முதன்மைப் பாடம், அறிவிக்கப் போகும்போதுதான் இரண்டாவது தெரியவரும்.

அடுத்து வரிசை. மருத்துவத்துக்குப் போகிறவர்களுக்கு ஜெனரல் கெமிஸ்ட்ரி இரண்டு செமஸ்டர், அதை முடித்தால்தான் ஆர்கானிக் இரண்டு செமஸ்டர், அதற்கும் பிறகு பயோகெமிஸ்ட்ரி. ஒன்றின் மேல் ஒன்றாகப் போக வேண்டியவை. கையில் எத்தனை வரலாற்று கிரெடிட் இருந்தாலும் இந்த வரிசை குறையாது. இதோடு லேப், மருத்துவக் கல்லூரிக்கான எம்கேட் நுழைவுத் தேர்வு, மருத்துவமனையில் தன்னார்வ வேலை, ஆராய்ச்சி அனுபவம் எல்லாம் இருக்கிறது.

இரண்டே வருடத்தில் பட்டம் முடிக்கும் மாணவி மருத்துவக் கல்லூரிக்கு எப்போது விண்ணப்பிப்பாள் என்று யோசித்திருக்கிறீர்களா? சேரும் வருடத்துக்கு முந்தைய மே, ஜூனில் விண்ணப்பிக்க வேண்டும். அதாவது கல்லூரியில் முதல் வருடம் முடித்த கையோடு. அப்போது அவளுடைய கல்லூரி மதிப்பெண்களில் பெரும்பகுதி பள்ளியில் இருந்தபோது எடுத்தவையாக இருக்கும். பரிந்துரைக் கடிதம் கொடுக்கும் அளவுக்கு அவளைத் தெரிந்த பேராசிரியர் ஒருவர்கூட இருக்க மாட்டார். வயது 19. இல்லையென்றால், சீக்கிரம் முடித்துவிட்டு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருக்கத்தான் போகிறோம் என்றால் பள்ளியில் ஏன் அந்த ஓட்டம்?

உங்கள் நண்பர் குடும்பத்தை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் கணக்கு வேறு. எச்-1பி பெற்றோரின் பிள்ளை எச்-4 விசாவில் இருக்கிறான். 21 வயதானால் அந்த விசா முடிந்துவிடும். 18 வயதில் கல்லூரி சேர்ந்தால் மூன்றாம் வருடத்திலேயே 21 வந்துவிடும். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் அந்தப் பெற்றோர் வயிற்றில் நெருப்பாக இருப்பது நியாயம்தான். ஒன்று மட்டும் அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. படித்து முடித்ததும் வேலை பார்க்க உதவும் ஓபிடி அனுமதி எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். 20 வயதில் பட்டத்தை முடித்துவிட்டு, விசாவை மாற்றாமல் இருந்தால், பட்டம் இருக்கும், வேலைக்குப் போக வழி இருக்காது. எப்போது எஃப்-1-க்கு மாறுவது என்பதைப் பையன் பதினொன்றாம் வகுப்பில் இருக்கும்போதே ஓர் இமிகிரேஷன் வக்கீலிடம் உட்கார்ந்து பேசிவிட வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் கேட்டு முடிவு செய்கிற விஷயம் இல்லை இது. உங்களுக்குக் கிரீன் கார்டு இருக்கிறது, அந்தக் கெடு உங்கள் மகளைத் துரத்தவில்லை. அப்படியிருக்க அவர்கள் வேகத்தில் நீங்கள் ஓட வேண்டிய அவசியம் என்ன?

உங்கள் கணவருக்கு வருகிறேன். வெளி மாநிலத்துப் பெரிய தனியார் பல்கலைக்கழகங்களை மனதில் வைத்துப் பேசுகிறார் என்றால் அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஏபி என்பது நாடு முழுக்க ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு. பாஸ்டனில் உட்கார்ந்து விண்ணப்பம் படிப்பவருக்கு ஏபி கெமிஸ்ட்ரியில் 5 என்றால் என்னவென்று தெரியும். டெக்சாஸில் ஒரு பள்ளி வளாகத்துக்குள்ளேயே நடக்கும் டூயல் கிரெடிட் வகுப்பின் தரம் அவருக்கு அவ்வளவு தெளிவாகத் தெரியாது. தவிர, பள்ளிப் பட்டத்துக்குக் கணக்கு வைத்த கல்லூரிப் பாடத்துக்கு மறுபடி கிரெடிட் தர மாட்டோம் என்று பல தனியார் பல்கலைக்கழகங்கள் சொல்லிவிடும். டூயல் கிரெடிட்டில் 'டூயல்' என்பதே அதுதான் என்பதால், அங்கே போனால் அந்த உழைப்பு கிரெடிட்டாக மாறாமலே போகலாம்.

ஆனால் 'கம்யூனிட்டி காலேஜ் சமாச்சாரம்' என்று அவர் உதட்டைப் பிதுக்குவதை நான் ஏற்கவில்லை. நம்மவர்களிடம் இந்த எண்ணம் நிறையவே இருக்கிறது. டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களான யூடி ஆஸ்டினுக்கோ, டெக்சாஸ் ஏ அண்ட் எம்முக்கோ, பக்கத்திலேயே இருக்கும் யூடி டாலஸுக்கோ போகிற பிள்ளைக்கு, காலின் காலேஜில் படித்த ஆங்கிலம் 1301 என்பது மாநிலம் முழுக்க அதே எண்ணில் அடையாளம் காணப்படும் பாடம். டெக்சாஸின் பொதுப் பாட எண் முறை அதற்காகவே இருக்கிறது. சொல்லிக்கொடுப்பவருக்கும் வழக்கமாக முதுகலைப் பட்டமும், அந்தத் துறையிலேயே முதுகலை அளவில் 18 கிரெடிட்டும் கேட்கிறார்கள்.

இன்னொன்று. உங்கள் கணவர் நினைப்பதுபோல் எல்லாவற்றையும் ஏபியிலேயே முடிக்கவும் முடியாது. டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்க அமெரிக்க வரலாற்றில் 6 கிரெடிட்டும் அரசாங்கப் பாடத்தில் 6 கிரெடிட்டும் வேண்டும் என்பது மாநிலச் சட்டம். அரசாங்கப் பாடத்தில் அமெரிக்க அரசியலமைப்பு மட்டும் போதாது, டெக்சாஸின் அரசியலமைப்பையும் படித்திருக்க வேண்டும். ஏபி கவர்ன்மென்ட் தேர்வில் டெக்சாஸ் எங்கே வரும்? அதில் 5 வாங்கிய பிள்ளையும் கல்லூரியில் வந்து டெக்சாஸ் அரசாங்கத்துக்கென ஒரு பாடம் எடுத்தாக வேண்டியிருக்கும். டூயல் கிரெடிட்டில் கவர்ன்மென்ட் 2305, 2306 என்ற இரண்டையும் எடுத்தால் அந்தக் கடன் தீர்ந்தது. 2305 மட்டும்தான் பள்ளியின் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தோடு வழக்கமாகச் சேர்ந்து வரும். 2306-ஐத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், கோடை விடுமுறையில் முடிக்கலாம். இதைப் பலர் தவறவிட்டுப் பிறகு மூன்றாம் வருடத்தில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரிக்கு நடுவே டெக்சாஸ் சட்டமன்ற வரலாறு படித்துக்கொண்டிருப்பார்கள்.

ரேங்க் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கட்டாயம் மனதில் ஓடும். யூடி ஆஸ்டின் 2026 இலையுதிர் காலச் சேர்க்கையில் இருந்து, டெக்சாஸ் பள்ளிகளில் முதல் 5 சதவீதத்தில் இருப்பவர்களுக்குத்தான் தானாக இடம் தருகிறது. அதற்கு முன் 6 சதவீதமாக இருந்தது. பிரிஸ்கோ மாதிரி ஊரில் 5-க்கும் 6-க்கும் நடுவே எத்தனை பிள்ளைகள் மூச்சுமுட்ட நிற்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். ரேங்க் போடும்போது டூயல் கிரெடிட்டுக்கு ஏபிக்குச் சமமான எடை கொடுக்கிறார்களா, ஒரு படி குறைத்துக் கொடுக்கிறார்களா என்பது பள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். சில இடங்களில் பாடத்துக்குப் பாடமும் மாறும், இடையில் விதியையும் மாற்றுவார்கள். உங்கள் மாவட்டம் வெளியிடும் பாடப்பட்டியல் புத்தகத்தில், உங்கள் மகள் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த ஆண்டுக்குரிய பக்கத்தைப் பாருங்கள். பக்கத்து வீட்டு அண்ணன் படித்த வருடத்து விதி அவளுக்குப் பொருந்தாமல் போகலாம். தானாகக் கிடைக்கும் அந்த இடமும் பல்கலைக்கழகத்துக்குத்தான், விரும்பிய மேஜருக்கு அல்ல. எனவே ஓர் எடைப் புள்ளிக்காகப் பிள்ளையின் தூக்கத்தைப் பறிக்காதீர்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. சொன்னால் யாரும் கேட்பதில்லை என்பதும் தெரியும்.

செலவு பற்றி ஒரு சிறு தகவல். கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் ஏற்கனவே பல்கலைக்கழகக் கட்டணத்தைவிட மிகக் குறைவு. டூயல் கிரெடிட் மாணவர்களுக்குப் பல இடங்களில் இன்னும் சலுகை உண்டு. 2023-இல் வந்த ஒரு மாநிலச் சட்டத்தின்படி, பள்ளியில் இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி பெற்ற பிள்ளைகளுக்கு, திட்டத்தில் சேர்ந்த கல்லூரிகளில் டூயல் கிரெடிட் முழுக்க இலவசம். உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும் பொருந்தும் யாருக்காவது சொல்லுங்கள்.

இப்போது அந்த ஹோம்வொர்க். கடைசி ராத்திரியில் உட்கார்ந்து முடித்தும் நல்ல மார்க் வாங்குகிறாள் என்றால் புத்திசாலிப் பெண். பள்ளி அவளைத் தாங்கிக்கொள்கிறது. தாமதமாகக் கொடுத்தால் கொஞ்சம் மார்க் குறையும். தேர்வில் சறுக்கினால் மறுதேர்வு வைப்பார்கள். ஆசிரியர் உங்களுக்கு மெயில் போடுவார். கல்லூரிப் பாடத்தில் இதெல்லாம் பெரும்பாலும் இல்லை. 3 கிரெடிட் பாடத்துக்கு இரண்டோ மூன்றோ தேர்வு, ஒன்றிரண்டு கட்டுரை, அவ்வளவுதான் மொத்த மார்க். முதல் நாள் கொடுக்கும் சிலபஸில் எல்லாத் தேதியும் இருக்கும், அதற்குப் பிறகு யாரும் நினைவூட்ட மாட்டார்கள். ஆன்லைன் வகுப்பாக இருந்தால் இன்னும் மோசம். வாரத்தில் மூன்று மணி நேரம் வகுப்பு என்றால் வெளியே ஆறு மணி நேரமாவது படிக்க வேண்டும் என்பது இங்கே கல்லூரிகளில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. நான் பார்த்த வரையில், டூயல் கிரெடிட்டில் தடுமாறும் பிள்ளைகளில் அதிகம் பேர் மக்கு இல்லை. அதுவரை கடைசி ராத்திரி எப்போதும் கைகொடுத்துவந்த கெட்டிக்காரப் பிள்ளைகள்தான்.

அம்மாவாக உங்களுக்கு ஓர் அதிர்ச்சியும் காத்திருக்கிறது. மாணவர் பதிவுகளின் ரகசியம் காக்கும் 1974-ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டப்படி, ஒரு மாணவி கல்லூரியில் பதிவு செய்த நிமிடத்தில் இருந்து அந்தக் கல்லூரிப் பதிவுகளின் உரிமை அவளுக்குப் போய்விடுகிறது, வயது 16 ஆனாலும். பள்ளிக்கு வரும் மார்க்கைப் பள்ளி உங்களிடம் சொல்லலாம். ஆனால் நீங்கள் பேராசிரியருக்கு மெயில் எழுதி 'என் மகள் ஏன் பி வாங்கினாள்' என்று கேட்டால், அவர் மரியாதையாக மறுத்துவிடுவார். எழுதவும் கூடாது, அது உங்கள் மகளுக்குத்தான் சங்கடம். அவளே எழுதப் பழக வேண்டும். இரண்டு வரி மெயில் எழுதி சந்தேகம் கேட்பதற்குக் கூச்சப்படும் பிள்ளை என்றால் டூயல் கிரெடிட்டுக்கு முன்னால் சரிசெய்ய வேண்டியது அதைத்தான்.

பாடம் சரிப்பட்டு வரவில்லை என்றால் வெளியே வர ஒரு வாசல் உண்டு, அது சீக்கிரம் மூடிவிடும். டெக்சாஸ் கல்லூரிகளில் வழக்கமான நீண்ட செமஸ்டரின் 12-ஆவது வகுப்பு நாளை சென்சஸ் நாள் என்பார்கள். அதற்குள் விலகினால் டிரான்ஸ்கிரிப்ட்டில் தடமே இருக்காது. அதற்குப் பிறகு விலகினால் 'டபிள்யூ' என்று ஏறும். ஒரு டபிள்யூ இருந்தால் உலகம் இடிந்துவிடாது, சி-யைவிட அது மேல். விலகும் கடைசித் தேதியும் கடந்துவிட்டால் வருகிற மார்க் வருகிறதுதான். எட்டு வார வகுப்பு என்றால் இந்தத் தேதிகள் இன்னும் முன்னால் வரும். பள்ளி கவுன்சிலரிடம் சொல்லிவிட்டால் விலகியதாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பள்ளி வேறு, கல்லூரி வேறு. இரண்டு இடத்திலும் தனித்தனியாக முடிக்க வேண்டும்.

இந்த பயம் இல்லாமல் கல்லூரிப் பாடத்தை ருசி பார்க்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் பள்ளியில் யூடி ஆஸ்டின் நடத்தும் ஆன்ராம்ப்ஸ் வகுப்பு ஏதாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். அதில் பள்ளி மார்க் தனி, கல்லூரி மார்க் தனி. கல்லூரி மார்க் வந்த பிறகு அந்த கிரெடிட் வேண்டுமா, வேண்டாமா என்று மாணவரே முடிவு செய்யலாம். உங்கள் மகள் மாதிரி பிள்ளைக்கு அது நல்ல ஆரம்பம்.

எல்லாம் சேர்த்து, நான் படிவம் நிரப்பினால் இப்படி நிரப்புவேன். பதினொன்றாம் வகுப்பில் அமெரிக்க வரலாறு டூயல் கிரெடிட்டில்: முதல் செமஸ்டர் 1301, அது நன்றாகப் போனால் இரண்டாம் செமஸ்டர் 1302. அதே வருடம் ஏபி கெமிஸ்ட்ரி அல்லது ஏபி பயாலஜி, இரண்டும் சேர்த்து வேண்டாம். பன்னிரண்டில் மற்ற அறிவியல் ஏபியும் ஏபி கால்குலஸும், டூயல் கிரெடிட்டில் ஆங்கிலம் 1301, 1302, கவர்ன்மென்ட் 2305. டெக்சாஸ் கவர்ன்மென்ட்டைக் கோடையில் முடித்தால் 18 கிரெடிட் ஆகிவிடும். ஏபியில் 3 அல்லது அதற்கு மேல் வாங்கினால் டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளில் பெரும்பாலும் அதற்கும் கிரெடிட் கிடைக்கும். சில பாடங்களுக்கு 4, 5 கேட்பார்கள். ஜெனரல் கெமிஸ்ட்ரிக்கு கிரெடிட் கிடைத்தாலும், அதை எடுத்துக்கொள்வதா, கல்லூரியில் மறுபடி படிப்பதா என்பதை அப்போது அங்குள்ள ப்ரீமெட் (மருத்துவத்துக்கு முந்தைய படிப்பு) ஆலோசகரிடம் கேட்டு முடிவு செய்யட்டும்.

சைக்காலஜி, சோசியாலஜி இரண்டையும் டூயல் கிரெடிட்டில் எடுக்கச் சொல்லிப் பள்ளியில் ஆசை காட்டுவார்கள், இலகுவான பாடம் என்று. வேண்டாம். 2015-இல் இருந்து எம்கேட்டில் அந்த இரண்டுக்கும் ஒரு பகுதியே இருக்கிறது. தேர்வுக்குப் பக்கத்தில் படித்தால் நினைவில் நிற்கும். இன்னொரு காரணமும் உண்டு. எல்லா அடிப்படைப் பாடத்தையும் பள்ளியிலேயே காலி செய்துவிட்டு வரும் பிள்ளைக்கு, கல்லூரி முதல் செமஸ்டரிலேயே கெமிஸ்ட்ரி, பயாலஜி, கணிதம் என்று கடினமான பாடங்கள் மட்டுமே மிஞ்சும். மூச்சு வாங்க ஓர் ஓவிய வரலாறோ இசை ரசனையோ பக்கத்தில் இருக்காது. முழுநேர மாணவியாக இருக்க 12 கிரெடிட் வேண்டுமே, அதை எதை வைத்து நிரப்புவாள்?

கல்லூரியில் பதிவு செய்வதற்கு டிஎஸ்ஐ என்ற தகுதி நிபந்தனை உண்டு. எஸ்ஏடியில் ஆங்கிலப் பகுதியில் 480, கணிதத்தில் 530 இருந்தால் அதில் விலக்கு. இல்லையென்றால் பெரும்பாலும் டிஎஸ்ஐ தேர்வை எழுத வேண்டியிருக்கும். பெரிய விஷயம் இல்லை, ஆனால் கடைசி வாரத்தில் தேர்வுக்கு இடம் கிடைக்காமல் அலைவார்கள். ஜனவரியிலேயே தேதி வாங்கிவிடுங்கள்.

படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் பள்ளி கவுன்சிலருக்கு ஒரு மெயில் போக வேண்டும்: வரலாறு 1301-க்கு ரேங்க் கணக்கில் எவ்வளவு எடை, வகுப்பு பள்ளியில் நடக்குமா, கல்லூரியிலா, ஆன்லைனிலா, 16 வாரமா, எட்டு வாரமா, விலகும் கடைசித் தேதி எது. அந்த மெயிலை உங்கள் மகள் எழுதட்டும். நீங்கள் சிசியில்கூட இருக்க வேண்டாம்.